இரண்டாவது பியானோ

என் தங்கை தோற்க வேண்டும் என்று நான் ஜெபித்ததில்லை. ஜெயிக்க வேண்டும் என்றும் ஜெபித்ததில்லை. அந்த வாரம் முழுக்க சாயங்காலமானால் வீட்டில் எல்லோரும் முழங்கால் போட்டோம். அம்மா அவளுக்காக வேண்டிக்கொண்டு முடித்ததும் அப்பா உரக்க ஆமென் சொல்வார். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். முப்பத்திரண்டு வயதுக்காரி செய்கிற காரியமா என்றால் இல்லைதான். ஆனால் செய்தேன்.

ஜப்பானில் ஒரு நகரத்தில் நடந்த சர்வதேச பியானோ போட்டி அது. பல நாடுகளிலிருந்து வருகிறவர்களை மூன்று சுற்றுகளில் சலித்து, கடைசியில் ஆறு பேரை நிறுத்துவார்கள். அந்த ஆறு பேரும் முழு ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஆளுக்கொரு கான்செர்ட்டோ வாசிக்க வேண்டும். அதுதான் இறுதிக் கச்சேரி. இந்த முறை அந்த ஆறில் ஒருத்தி என் தங்கை. அன்னூரில் அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டில், என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். என்னைவிட நான்கு வயது சின்னவள்.

சின்ன வயதில் நன்றாக வாசித்தது நான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் எரிச்சல். இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரே கான்வென்ட்டில் படித்தோம். அங்கே மியூசிக் ரூமில் ஒரே பியானோவில் பழகினோம். பியானோவில் எட்டாவது கிரேடு பரீட்சையில் அவள் வாங்கியதைவிட நான் ஐந்து மார்க் அதிகம் வாங்கியிருந்தேன். அந்த சர்டிபிகேட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அவள் அதை மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

ப்ளஸ் டூ முடித்ததும் எனக்குக் கோயம்புத்தூரிலேயே, பீளமேட்டில், இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது. சென்னைக்குப் போய் மியூசிக் படிக்கிறேனே என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்பா கோபப்படவில்லை.

"ஒருத்தியாச்சும் ஒரு நெலையான வேலைல உக்காரோணும் கண்ணு," என்றார்.

உட்கார்ந்தேன். நான்கு வருடம் கழித்து அவள் முறை வந்தபோது அப்பா அதைச் சொல்லவில்லை. ஒருத்திதான் உட்கார்ந்துவிட்டாளே. அவளுக்கு ஐரோப்பாவில் ஒரு இசைக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்தது. ஏர்போர்ட்டில் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று கையசைத்தோம். அம்மா அழுதாள். நானும் அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நான் பீளமேட்டிலேயே ஓர் ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். மற்றவர்கள் எழுதிய ப்ரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. எவ்வளவு சின்னத் தப்பானாலும் என் கண்ணில் படாமல் போகாது என்பதால் டீமில் என்னைக் கண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். அப்பாவும் அம்மாவும் பட்டறையை மூடிவிட்டு என்னோடு பீளமேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூவரும் காரில் அன்னூருக்குப் போவோம். அங்கே சர்ச்சில் பன்னிரண்டு வயதிலிருந்து கீபோர்டு வாசிப்பவள் நான்.

போட்டிக்கு முன்னால் தங்கை ஆறு வாரம் வீட்டுக்கு வந்து தங்கினாள். கான்செர்ட்டோவைத் தனியாக உட்கார்ந்து முழுதாகப் பழகிவிட முடியாது. ஆர்கெஸ்ட்ராவின் பாகத்தை யாராவது வாசித்தால்தான் எங்கே நுழைவது, எங்கே விடுவது என்று கை படியும். எழுபது பேர் வாசிப்பதைப் பத்து விரலுக்குச் சுருக்கி எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. அதை இரண்டாவது பியானோவில் ஒருவர் வாசிக்க, கான்செர்ட்டோ வாசிக்கப்போகிறவர் முதல் பியானோவில் தன் பாகத்தை வாசிப்பார். உலகம் முழுக்க இப்படித்தான் பழகுகிறார்கள். அதற்கு ஆள் வேண்டும். அவள் என்னைக் கேட்டாள். போனில் கேட்டபோது அவள் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. உனக்கு ஆபீஸ் இருக்குமே அக்கா, முடியாவிட்டால் பரவாயில்லை என்றாள். முடியும் என்று சொல்லிவிட்டு, புத்தகம் வந்து சேருவதற்குள் இணையத்தில் தேடி எடுத்துப் பாதியைப் பழகி வைத்தேன். அவ்வளவு ஆசை எனக்கு. பொறாமை இருக்கிற இடத்தில் ஆசையும் பக்கத்திலேயே குடியிருக்கிறது, என்ன செய்ய.

வீட்டில் இரண்டு பியானோ இருந்தன. ஒன்று பழைய அப்ரைட், சுவரோரம் நிமிர்ந்து நிற்கிற நிஜப் பியானோ. பீளமேட்டில் ஒரு மில்லுக்காரர் பங்களாவை இடித்தபோது, நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்று, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்க நான் பிற்பாடு வாங்கிய டிஜிட்டல். இரண்டுமே என்னுடையவை. வந்த அன்று சாயங்காலம் அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேராகப் போய் அப்ரைட்டில் உட்கார்ந்தாள். அதில் அவள் உட்காருவதுதான் நியாயம், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அவளுக்கு வலது பக்கம், ஜன்னலோரமாக, டிஜிட்டலில் உட்கார்ந்தேன்.

ஆபீஸிலிருந்து ஆறரைக்கு வருவேன். காபி குடித்துவிட்டு ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது வரை. பக்கத்திலேயே ஏர்போர்ட் என்பதால் தலைக்கு மேல் பிளேன் இறங்கும்போது மட்டும் நிறுத்துவோம். அவள் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். இந்த இடத்தில் புல்லாங்குழல்தான் வரும் அக்கா, கொஞ்சம் மெதுவாக, இங்கே செல்லோ எல்லாம் சேர்ந்து வரும், தாராளமாக அழுத்து என்பாள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. வேலைக்கு வந்த ஆளிடம் பேசுவது போலிருந்தது. ஆனாலும் அந்த ஆறு வாரம் போல நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததில்லை. ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது மேஜைக்கு அடியில் முழங்காலின் மேல் விரல்கள் தானாக ஓடும். எழுபது பேருடைய வேலையை நான் ஒருத்தி செய்துகொண்டிருந்தேன், அதுவும் அவளுக்குச் சமமாக.

கான்செர்ட்டோவின் மூன்று பாகங்களில் இரண்டாவதில் ஓர் இடம் உண்டு. அந்தப் பாகம் நிதானமானது, கிட்டத்தட்ட சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டு மாதிரி இருக்கும். ஆர்கெஸ்ட்ரா ஒரு வரியை முடித்ததும், மூச்சுக்கூட விடாமல், பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து அடுத்த வரியில் இறங்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் அன்னூர் சர்ச்சில் பாடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். வரியின் கடைசி எழுத்தைச் சுலபத்தில் விடமாட்டார்கள். இழுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த வரி. அதுவரை கீபோர்டுக்காரி கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்காவிட்டால் சர்ச் முழுவதும் ஒரு வரி பின்னால் வரும். முதல் பெஞ்சிலிருந்து அம்மா திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். இருபது வருடமாக அப்படிக் காத்திருந்து காத்திருந்து அது என் கையிலேயே ஊறிவிட்டது. கான்செர்ட்டோவில் அந்த இடம் வந்ததும் என் கை தானாக நின்றது. என்னோடு சேர்ந்து இறங்க வேண்டும் என்பதற்காக அவளும் நின்றாள்.

முதல் வாரம் எனக்கு அது தெரியவில்லை. இரண்டாவது வாரம், வேறொருவர் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த ரெக்கார்டிங்கைக் கேட்டபோது தெரிந்துவிட்டது. அரை நொடி. எந்த ஆர்கெஸ்ட்ராவும் அங்கே நிற்பதில்லை. தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, வாரக்கடைசியில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அவளை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு வந்தேன். அங்கே ஆர்கெஸ்ட்ராவோடு ஒத்திகை இருக்கும், அதில் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் முதல் சுற்று தாண்டினாள். இரண்டாவது தாண்டினாள். மூன்றாவதும். ஒவ்வொரு தடவையும் சேதி வரும்போது வயிறு எரிந்தது; ஒவ்வொரு தடவையும் குடும்ப வாட்ஸப்பில் முதல் ஆளாகக் கைதட்டல் படம் போட்டது நான்தான்.

இறுதிக் கச்சேரி ஒரு சனிக்கிழமை. அங்கே மாலை ஆறு மணி என்றால் நமக்கு மதியம் இரண்டரை. அன்னூர் சர்ச் ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். ப்ரொஜெக்டர், லேப்டாப், நெட் எல்லாம் என் பொறுப்பு. நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். போதகர் ஜெபம் பண்ணித் தொடங்கி வைத்தார். சத்தம் கேட்க வேண்டுமென்று ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டதால் அத்தனை பேரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு, கையிலிருந்த பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குச்சி வைத்துக்கொண்டு நிற்கிறவர்தான் மார்க் போடுகிறவரா என்று ஒரு மாமா கேட்டார். இல்லை, அவர் கண்டக்டர் என்று சொன்னேன். பஸ்ஸில் இருப்பவரைச் சொல்கிறேனோ என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அவளுக்கு முன்னால் இரண்டு பேர் வாசித்தார்கள். ஒரு கொரியப் பையன் பிரமாதமாக வாசித்தான். அவனுக்கு நான் மனதாரக் கைதட்டினேன். அவனைப் பற்றி எனக்கு எந்த எரிச்சலும் இல்லை. அன்னூர்க்காரன் இல்லையே.

பிறகு அவள் வந்தாள். கறுப்பு கவுன். அவ்வளவு சொல்லியும் பட்டுப்புடவை கட்டவில்லையே என்று அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அவள் குனிந்து வணங்கி உட்கார்ந்தாள், ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது. அப்போது எனக்குள் வந்தது நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்று. அவளைப் பார்த்துப் பொறாமைப்படத்தான் தயாராக வந்திருந்தேன். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்த எழுபது பேர் மேல். அவர்கள் வாசித்தது என் பாகம். நான் இடது கைச் சுண்டு விரலால் சமாளித்த ஆறு ஸ்வரத்தை வாசிக்க அங்கே ஒரு ஆள் தனியாக, கோட்டுப் போட்டுக்கொண்டு, கிளாரினெட்டோடு உட்கார்ந்திருந்தார். மற்ற நேரமெல்லாம் சும்மா இருந்தார். அவர்கள் எல்லோரும் என்னைவிட நன்றாக வாசித்தார்கள் என்பதும் எனக்குக் கேட்டது. இவர்கள் வருகிறவரைக்கும்தான் நான் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறேன். ஏர்போர்ட்டில் கையசைத்த அன்றுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

முதல் பாகம் முடிந்தது. அவள் அற்புதமாக வாசித்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது பாகம் தொடங்கியபோது ஹாலில் விசிறுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. அந்த மெட்டு எங்கள் ஆட்களுக்குப் பழகினது போலிருந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பெண்கள் வாய்க்குள் முனகினார்கள். நான் லேப்டாப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.

ஆர்கெஸ்ட்ரா வரியை முடித்தது. அவள் நின்றாள்.

நின்றது மட்டுமல்ல. தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தாள். மேடையில் அந்தப் பக்கம் யாரும் கிடையாது. அதற்கப்பால் இருட்டில் ஜனங்கள்தான். கேமராவும் அந்தப் பக்கம்தான் இருந்ததால் அவள் முகம் முழுசாகத் திரையில் வந்தது.

"சின்னவ நம்மளப் பாக்கறா," என்றாள் அம்மா.

ஹாலில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முனகிக்கொண்டிருந்த பெண்கள் அந்த இடத்தில் நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தப்பாகவே படவில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ரா நிற்காமல் போய்விட்டது. அவள் அரை நொடி பின்னால் இறங்கினாள். கண்டக்டர் சட்டென்று திரும்பினார். இரண்டும் ஒட்டாமல் மூன்று நான்கு ஸ்வரம் தனித்தனியாக ஓடியது. பிறகு அவள் பிடித்துவிட்டாள்.

அவள் பார்த்தது யாரை என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. எழுபது பேர் இருந்தும் என்னைத் தேடினாள். அந்த அரை நொடிச் சந்தோஷத்தை எழுதாமல் விட்டால் நான் இதுவரை எழுதியதெல்லாம் பொய். அதற்கப்புறம்தான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது.

அப்பா தன் நாற்காலியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். காயில் கட்டிக் கட்டி மோட்டார் சத்தத்திலேயே கோளாறு கண்டுபிடிக்கிற காது அவருடையது.

"ஏனுங் கண்ணு, நெட்டு நின்னுபோச்சா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்கப்பா. நெட்டுதான்," என்றேன்.

ராத்திரி ஏழரை வாக்கில் முடிவு சொன்னார்கள். கொரியப் பையனுக்கு முதல் பரிசு. மூன்று பேருக்குத்தான் பரிசு. அவள் நான்காவது. அந்தத் தப்பினால்தான் பரிசு போயிற்றா, அது இல்லாவிட்டாலும் நான்காவதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஹாலில் யாருக்கும் வருத்தமில்லை. உலகத்திலேயே நாலாவது என்று ஒருவர் மாற்றி ஒருவர் அப்பாவின் கையைக் குலுக்கினார்கள். டீயும் முறுக்கும் வந்தது. எனக்கும் பாராட்டுக் கிடைத்தது. பெரியவள் பெருந்தன்மையாகக் கூட இருந்து வாசித்துக் கொடுத்தாளாமே என்று போதகர் எல்லோர் முன்பும் சொன்னார். முகம் கோணாமல் அதையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. அப்பாவும் அம்மாவும் சர்ச்சுக்குக் கிளம்பிக் கீழே காரில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தங்கை போனில் கூப்பிட்டாள். அப்பா அம்மாவிடம் முன்னமே பேசிவிட்டாளாம். இது எனக்கு மட்டும். நான் திரும்பக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றேன். வாழ்த்துச் சொன்னேன். நன்றி என்றாள். ஒத்திகையில் எல்லாம் சரியாக வந்ததாகவும், மேடையில்தான் கை பழகின வழியிலேயே போய்விட்டதாகவும் சொன்னாள். குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதற்கப்புறம்தான் கேட்டாள்.

"அக்கா, அந்த எடத்துல நீ நிக்கறது உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். முந்தின நாள் அப்பாவிடம் சொன்ன பொய் அவ்வளவு சுலபமாக வந்ததுதான் என்னைத் தடுத்தது.

"மொதல்ல தெரியாது. ரெண்டாவது வாரம் தெரிஞ்சுபோச்சு," என்றேன்.

"தெரிஞ்சுமா சொல்லாம உட்டுபோட்ட?"

"மத்த எடத்துல எல்லாம் நீ பியானோவப் பாத்துட்டே வாசிச்ச. அந்த ஒரு எடத்துலதான் நான் எப்ப எறங்கறேன்னு திரும்பி என்ற மூஞ்சியப் பாத்த. சொல்லிட்டா பாக்கமாட்டியேன்னு இருந்துச்சு."

கீழே அப்பா ஒரு தடவை ஹாரன் அடித்தார். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன். திட்டினால் திருப்பிச் சொல்ல என்னிடம் பதினான்கு வருடமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் தயாராக இருந்தது. இன்ஜினியரிங் சீட்டு, ஐந்து மார்க், அப்ரைட் பியானோ, எல்லாம்.

"கூப்புட்டிருந்தா திரும்பியிருப்பனே அக்கா," என்றாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே போய் அப்ரைட்டின் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.